குப்பைமேட்டுக் கசிவுநீரை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் என்று இரண்டு பெரிய குப்பைமேடுகள். ஒவ்வொன்றும் 200 ஏக்கருக்கு மேல் பரவியது. அடியில் எந்தத் தடுப்பும் போடாமல் பல பத்தாண்டுகளாகக் கொட்டிக் கொட்டி வளர்ந்தவை. பெருங்குடி மேடு எழுந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே. தண்ணீர் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவது என் வேலை. கேனோடு போய் நின்றாலே நாலு பேர் கூடிவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள், புராஜெக்ட் செய்யும் மாணவர்கள், சங்கத்துக்காரர்கள் என யார் வந்தாலும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

குப்பையிலிருந்து வடியற கருப்புத் தண்ணியும் சாக்கடைத் தண்ணியும் ஒண்ணுதானே?

இல்லை. சாக்கடையில் ஓடுவது பெரும்பாலும் நாம் குளித்து, துவைத்து விட்ட தண்ணீர். அழுக்கு அதில் கலந்திருக்கிறது, அவ்வளவுதான். குப்பைமேட்டிலிருந்து வடிவது கிட்டத்தட்ட டிகாக்ஷன் மாதிரி. மழைத் தண்ணீர் குப்பைக்குள் மெதுவாக இறங்கி, வழியில் கரையக்கூடியதையெல்லாம் கரைத்துக்கொண்டு அடியில் வந்து சேர்கிறது. இதைத்தான் கசிவுநீர் என்கிறோம். ரிப்போர்ட்டில் ‘லீச்சேட்’ என்று இருக்கும்.

அடர்த்தியில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வீட்டுச் சாக்கடையில் சிஓடி என்ற அளவு (அழுக்கை ரசாயனத்தால் எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பது) லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் இருக்கும். புதுக் குப்பையின் கசிவுநீரில் அதுவே பல ஆயிரம் வரும், பத்தாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு.

மழையே இல்ல, ஏப்ரல் மாசத்துலயும் வடியுதே?

நம்மூர்க் குப்பையில் பாதிக்கு மேல் காய்கறிக் கழிவும் மிச்சச் சோறும்தான். அதிலேயே தண்ணீர் இருக்கிறது. மேலே கொட்டக் கொட்ட அந்தப் பாரம் அடியில் இருப்பதைப் பிழிந்துவிடும். தவிர, மேட்டின் நடுவில் பிளாஸ்டிக் தாள்கள் படுக்கைபோலப் படிந்து, போன மழைக்கு இறங்கிய தண்ணீரை அங்கங்கே தேக்கி வைத்திருக்கும். அது மாதக்கணக்கில் கசியும்.

ரிப்போர்ட்ல பிஓடி, சிஓடி, டிடிஎஸ்னு இருபது வரி இருக்கு. எதை முதல்ல பாக்கணும்?

நான் முதலில் பார்ப்பது நாலு: சிஓடி, பிஓடி, அம்மோனியா நைட்ரஜன், குளோரைடு. நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும்போது எவ்வளவு ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன என்பது பிஓடி. நம் நாட்டில் 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்ப்பார்கள். நுண்ணுயிர் தின்னக்கூடியது, தின்ன முடியாதது இரண்டையும் ரசாயனத்தால் எரித்துப் பார்க்கும் அளவு சிஓடி. அதனால் பிஓடி எப்போதும் சிஓடியைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்த இரண்டையும் வகுத்துப் பாருங்கள். பிஓடியை சிஓடியால் வகுத்து 0.5 பக்கம் வந்தால் குப்பை இளசு, இன்னும் புளித்துக்கொண்டிருக்கிறது. 0.1-க்குக் கீழே போனால் பழைய குப்பை, எளிதில் அழுகக்கூடியது தீர்ந்துவிட்டது. ஒரு பெரிய மேட்டில் இரண்டு மூலையில் எடுத்தால் இரண்டு விடை வரும். எந்தப் பக்கம் இப்போது கொட்டுகிறார்கள் என்பதை லாரியைப் பார்க்காமலேயே இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

எவ்வளவு இருந்தா தப்பு?

எந்தத் தண்ணீருக்குக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கேதான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். சுத்திகரித்த கசிவுநீரை ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளில் விடுவதற்கு 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒரு பட்டியல் தந்தன. லிட்டருக்கு மில்லிகிராமில் பிஓடி 30, சிஓடி 250, அம்மோனியா நைட்ரஜன் 50, குளோரைடு 1000, ஈயம் 0.1, பாதரசம் 0.01 என்று அது போகும். கிணற்று நீரை வைத்துப் பார்க்க வேண்டியது குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம். அதில் குளோரைடு 250, ஈயம் 0.01, பாதரசம் 0.001, அம்மோனியா 0.5.

ஈயத்திலும் பாதரசத்திலும் பத்து மடங்கு வித்தியாசம். ‘விதிக்கு உட்பட்டுத்தான் இருக்கிறது’ என்று யாராவது போர் தண்ணீர் ரிப்போர்ட்டைக் காட்டினால், எந்த விதி என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். கசிவுநீர்ப் பட்டியலை எடுத்துப் போர் தண்ணீருக்குப் பொருத்தியிருந்த ஒரு அறிக்கையை நானே பார்த்திருக்கிறேன்.

சாம்பிள் எடுக்கறது என்ன பெரிய வேலை? ஒரு கேன்ல பிடிச்சுக் கொடுத்தா போதாதா?

ஒரு கேன் போதாது, குறைந்தது நாலைந்து பாட்டில் வேண்டும். உலோகங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். சிஓடிக்கும் அம்மோனியாவுக்கும் கந்தக அமிலம் விட்டது ஒன்று. சயனைடுக்கு அமிலமே ஆகாது, காரம் விட வேண்டும். பிஓடி பாட்டிலில் எதையும் விடாமல் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். கோலிஃபார்ம் கிருமிக்குச் சூட்டில் கிருமி நீக்கிய பாட்டில் தனி. பிஎச், வெப்பநிலை, மின்கடத்துத்திறன் (கரைந்த உப்பு கூடினால் கூடும் அளவு) மூன்றையும் அங்கேயே மீட்டரை விட்டுப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். லேபுக்குப் போகும் வழியிலேயே இவை மாறிவிடும்.

இதெல்லாம் சும்மா சம்பிரதாயம் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். ஒருநாள் குப்பைமேட்டுப் பக்கத்து போரில் பிடித்த தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. அமிலம் தீர்ந்துவிட்டதால் அப்படியே மூடி டிக்கியில் வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பாட்டில் அடியில் செங்கல்பொடி மாதிரி படிந்திருக்கிறது. நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகிவிட்டது. அந்தத் துரு சும்மா படியாது, ஆர்சனிக்கையும் இன்னும் சில உலோகங்களையும் ஒட்டி இழுத்துக்கொண்டு கீழே போய்விடும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் லேபில் எடுத்துப் பார்த்தால் ‘உலோகம் இல்லை’ என்று நல்ல ரிப்போர்ட் வரும். அந்தப் பாட்டிலைக் கொட்டிவிட்டு மறுநாள் திரும்பப் போனேன்.

போர் தண்ணிக்கும் இதே முறைதானா?

பாட்டில் எல்லாம் அதேதான். ஆனால் குழாயில் நாள்கணக்காக நிற்கும் பழைய தண்ணீரை முதலில் வெளியேற்ற வேண்டும். வழக்கமான கணக்கு, குழாய்க்குள் நிற்கும் அளவைப்போல மூன்று மடங்கு இறைப்பது. 6 அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 18 லிட்டர் நிற்கும். 20 மீட்டர் தண்ணீர் இருந்தால் 360 லிட்டர், மூன்று மடங்கு என்றால் ஆயிரத்துச் சொச்சம். மோட்டாரைப் போட்டுவிட்டு மின்கடத்துத்திறன் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எண் ஒரே இடத்தில் நிற்க ஆரம்பித்ததும் பிடிக்கலாம்.

எங்க வீட்டு போர் தண்ணி கெட்டுப்போச்சு. குப்பைமேட்டாலதான்னு நிரூபிக்க முடியுமா?

ஒரே ஒரு போரை வைத்து முடியாது. நிலத்தடி நீருக்கும் ஓட்டம் உண்டு. மேட்டுக்கு மேல்புறம், அதாவது ஓட்டம் வரும் பக்கம் ஒரு கிணறாவது வேண்டும். கீழ்ப்புறம் இரண்டு மூன்று வேண்டும். எது மேல்புறம் என்று கண்டுபிடிக்க, பல கிணறுகளில் நீர்மட்டத்தை ஒரே நாளில் அளந்து, அதைத் தரையின் உயரத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள். மேல்புறக் கிணற்றில் குளோரைடு குறைவாகவும், கீழ்ப்புறத்தில் அதிகமாகவும், தூரம் போகப் போகக் குறைந்துகொண்டும் வந்தால் வழக்கு பலமாகிறது. குளோரைடைத் தேடுவதற்குக் காரணம், அது மக்காது, மண்ணில் ஒட்டாது. தண்ணீரோடு அதே வேகத்தில் வரும். உலோகங்கள் மண்ணில் ஒட்டிக்கொண்டு ரொம்பப் பின்னால்தான் வந்து சேரும். ‘உலோகம் இல்லை, அதனால் கசிவு இல்லை’ என்ற வாதம் நிற்காது.

சென்னைக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்பு வேறு வழியிலும் வரும். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு 19,000 மில்லிகிராம், கொஞ்சம் கலந்தாலே போதும். ஆனால் கடல்நீரில் அம்மோனியா கிட்டத்தட்ட இல்லை. அதனால் குளோரைடோடு அம்மோனியா, பொட்டாசியம், சிஓடி மூன்றும் சேர்ந்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் கடல்மேல் பழி போட முடியாது. அப்புறம், பக்கத்தில் செப்டிக் டேங்க் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதுவும் அம்மோனியா தரும்.

கவர்ன்மென்ட் தரப்புல இதை யாரும் பாக்க மாட்டாங்களா?

பார்க்க வேண்டும் என்று 2016 விதிகளிலேயே இருந்தது. நிலநிரப்பு, அதாவது குப்பையைப் போட்டு மூடும் இடம், அதன் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று பருவம் தவறாமல் சோதிக்க வேண்டும் என்றன அந்த விதிகள். புதிதாகக் கட்டும் நிலநிரப்புக்கு அடியில் 90 செ.மீ. களிமண்ணும் அதன்மேல் 1.5 மி.மீ. எச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் தாளும் போட வேண்டும் என்றும் சொல்லின. பழைய மேடுகளுக்கு அடியில் இது எதுவும் கிடையாது, இனிமேல் போடவும் முடியாது. அங்கே கசிவு எங்கே போகிறது என்று தெரிய, அளந்து பார்ப்பது ஒன்றுதான் வழி. சோதனை முடிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கேட்கும்போது சாம்பிள் எடுத்த தேதியும் கிணறு இருக்கும் இடமும் வேண்டும் என்று எழுதுங்கள்.

மொத்தமா எவ்வளவு வடியுதுன்னு அளக்க முடியுமா?

ஒரே வாய்க்காலில் சேர்ந்து வந்தால் சுலபம். சின்ன ஓட்டத்துக்கு வாளியும் கடிகாரமும் போதும். பெரிதாக இருந்தால் குறுக்கே ‘வி’ வடிவ வெட்டுள்ள தகட்டை வைத்து, வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று தகட்டுக்குச் சற்றுப் பின்னால் ஸ்கேலில் பார்ப்பார்கள். 90 பாகை வெட்டில் 5 செ.மீ. நின்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 46 லிட்டர். 10 செ.மீ. நின்றால் 260 லிட்டர். உயரம் இரண்டு மடங்குதான், ஓட்டமோ ஐந்தரை மடங்குக்கு மேல். அதனால் ஸ்கேலில் அரை சென்டிமீட்டர் தப்பாகப் படித்தாலும் கணக்கு எங்கேயோ போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இறங்குவதைத் தகடு வைத்துப் பிடிக்க முடியாது. அதற்கு மழைக் கணக்குதான். ஒரு ஏக்கரில் 100 மி.மீ. மழை பெய்தால் 4 லட்சம் லிட்டர். மேலே ஓடியதும் ஆவியானதும் குப்பை உறிஞ்சியதும் போகக் கால்வாசி உள்ளே இறங்கியதாக வைத்தாலும் ஒரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் எட்டு லாரிக்கு மேல், ஒரே ஏக்கருக்கு. வடகிழக்குப் பருவமழையில் இந்த அளவு மழை ஒரே நாளில் கொட்டுவது சென்னைக்குப் புதிதா என்ன?

நவம்பர்ல எடுத்த ரிப்போர்ட்ல எல்லாமே குறைஞ்சிருக்கு. நல்லதுதானே?

காபியில் தண்ணீர் ஊற்றினால் நிறம் குறையும், டம்ளரில் இருக்கும் காபித்தூள் குறையாது. பார்க்க வேண்டியது அடர்த்தியை ஓட்டத்தால் பெருக்கி வரும் சுமையை. ஒரு உதாரணக் கணக்கு: கோடையில் சிஓடி லிட்டருக்கு 10,000 மில்லிகிராம், ஒரு நாளில் 5,000 லிட்டர் வடிகிறது என்றால் சுமை 50 கிலோ. மழையில் சிஓடி 3,000-ஆகக் குறைந்து, 50,000 லிட்டர் வடிந்தால் 150 கிலோ. ரிப்போர்ட்டில் எண் குறைந்திருக்கும், சதுப்பு நிலத்துக்குள் போன அழுக்கு மூன்று மடங்கு. ஓட்டம் எழுதாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

எல்பிஐ 24-னு போட்டிருக்காங்க. அது என்ன?

கசிவுநீர் மாசுக் குறியீட்டெண். இருபது வரி ரிப்போர்ட்டை ஒரே எண்ணாகச் சுருக்குவதற்காக ஐஐடி டெல்லியில் தினேஷ் குமார், பாபு அலப்பாட் இருவரும் உருவாக்கியது. 80 நிபுணர்களிடம் எது எவ்வளவு முக்கியம் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, 18 அளவுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்தார்கள். குரோமியத்துக்கு 0.064, ஈயத்துக்கு 0.063, சிஓடிக்கும் பாதரசத்துக்கும் 0.062, கடைசியில் இரும்புக்கு 0.045. எல்லா எடையையும் கூட்டினால் 1.

ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு அளவையும் அதற்கான வளைகோட்டில் வைத்து 5-லிருந்து 100 வரை மார்க் போட வேண்டும். மார்க்கை எடையால் பெருக்கி, பதினெட்டையும் கூட்டினால் எல்பிஐ. மேலே சொன்ன வெளியேற்றத் தரத்தையே இப்படிக் கணக்குப் போட்டால் 7.378 வருகிறது. அதைத் தாண்டினால் சுத்திகரிக்காமல் வெளியே விடக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போ எல்பிஐ குறைவா இருந்தா பயமில்ல, அப்படித்தானே?

அப்படி இல்லை, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினேழு அளவுகளும் சுத்தமாக இருந்து 5 மார்க் வாங்குகின்றன, அம்மோனியா மட்டும் உச்சத்துக்குப் போய் 100 வாங்குகிறது என்று வைப்போம். அம்மோனியாவின் எடை 0.051. எல்லாம் சுத்தமாக இருந்தால் வரும் 5-உடன் 95 பெருக்கல் 0.051, அதாவது 4.8 சேரும். மொத்தம் 9.8. ஒரு ஏரியின் மீனையெல்லாம் சாகடிக்கக்கூடிய தண்ணீர், நூற்றுக்குப் பத்துகூட வாங்கவில்லை. சராசரி என்றாலே இப்படித்தான். நல்லது பல சேர்ந்து கெட்டது ஒன்றை மறைத்துவிடும்.

அந்தப் பதினெட்டில் இல்லாதவை வேறு இருக்கின்றன. மருந்துக் கழிவு, பூச்சிக்கொல்லி, ஒட்டாத தவாக்களில் பூசும் வகை ஃபுளோரின் ரசாயனங்கள் எதுவும் இந்த எண்ணுக்குள் வராது.

எங்க ஊர் எல்பிஐ 40, பக்கத்து ஊர்ல 24. நாங்கதான் மோசமா?

இரண்டு ஊரிலும் எதையெதை அளந்தார்கள் என்று கேளுங்கள். பதினெட்டும் கிடைக்காவிட்டால் இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டு, இருக்கும் எடைகளின் கூட்டுத்தொகையால் வகுக்கலாம் என்று முறையே அனுமதிக்கிறது. உலோகச் சோதனைக்குச் செலவு அதிகம் என்பதால் பலர் அதை விட்டுவிடுவார்கள். எட்டு உலோகங்களின் எடை மட்டும் 0.453.

ஒரே தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். உலோகங்கள் எல்லாம் 5 மார்க், மற்றவை சராசரி 40 மார்க். பதினெட்டையும் சேர்த்தால் எல்பிஐ 24. உலோகங்களைச் சோதிக்காமல் விட்டால் அதே தண்ணீருக்கு 40. நீங்கள் கேட்ட இரண்டு எண்ணும் இதுவேதான், வேண்டுமென்றே அப்படி எடுத்தேன். ஒப்பிட வேண்டுமானால் ஒரே பட்டியல், ஒரே பருவம், கூடவே ஓட்டமும் வேண்டும்.

குப்பை கொட்டுறதை நிறுத்தி இருபது வருஷம் ஆச்சு. இன்னுமா கசியும்?

கசியும், ஆனால் வேறு குணத்தோடு. புதுக் குப்பை அமிலமாகப் புளிக்கும், பிஎச் 6-க்கும் கீழே போகலாம், உலோகங்கள் அதிகம் கரைந்து வரும். வருஷங்கள் போனால் மீத்தேன் உண்டாகும் கட்டம் வந்து பிஎச் ஏழரைக்கு மேல் ஏறும், பிஓடி விழும், உலோகம் குறையும். அம்மோனியா மட்டும் இறங்காது, காற்றில்லாத குப்பைக்குள் அதைத் தின்ன ஆளில்லை. பிஎச் ஏறினால் அதன் விஷமும் ஏறுகிறது. எல்பிஐ கணக்கில் சொன்ன ‘அம்மோனியா மட்டும் உச்சம்’ கற்பனையாகத் தோன்றியிருந்தால், பழைய மேடுகள் போவது ஏறக்குறைய அந்தத் திசையில்தான்.

பயோமைனிங் பண்ணி குப்பையை எடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சதா?

பயோமைனிங் என்றால் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்தெடுப்பது. அதைச் செய்தால் கசிவின் ஊற்று போய்விடும், அது பெரிய விஷயம்தான். ஆனால் ஏற்கனவே மண்ணுக்குள் இறங்கியது அங்கேயே இருக்கிறது. தோண்டும்போது மூடிக் கிடந்த குப்பை திறந்து மழைக்குக் காட்டப்படுவதால், வேலை நடக்கும் காலத்தில் கசிவு கூடவும் செய்யலாம். ‘குப்பைதான் இல்லையே’ என்று கிணற்றுச் சோதனையை நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. பள்ளிக்கரணை 2022-லிருந்து ராம்சார் சதுப்பு நிலம் (உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியலில் உள்ளது) வேறு.

ஒரே சாம்பிளை ரெண்டு லேப்ல கொடுத்தேன். சிஓடி ஒண்ணுல 1,400, இன்னொண்ணுல 2,300. யார் பொய் சொல்றாங்க?

யாரும் பொய் சொல்லவில்லை என்றே முதலில் வைத்துக்கொள்ளுங்கள். குளோரைடு எவ்வளவு என்று பாருங்கள். சிஓடி சோதனையில் ஊற்றும் டைக்ரோமேட் என்ற ரசாயனம் கரிமப் பொருளோடு குளோரைடையும் சேர்த்து எரித்துவிடும். ஒரு கிராம் குளோரைடு 0.226 கிராம் பொய் சிஓடியைக் காட்டும். உங்கள் தண்ணீரில் குளோரைடு 4,000 இருந்தால் 900 மில்லிகிராம் வரை சும்மா ஏறும், உங்கள் இரண்டு ரிப்போர்ட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசமே அதுதான். இதைத் தடுக்கப் பாதரச சல்பேட் சேர்ப்பார்கள். குளோரைடு அதிகமென்றால் சாம்பிளை முதலில் நீர்க்கவும் வைப்பார்கள். இரண்டு லேபிலும் இதைச் செய்தார்களா என்று போன் போட்டுக் கேளுங்கள். செய்த லேபின் சிஓடி அளவை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வியே புரியவில்லை என்று யாராவது சொன்னால், அடுத்த சாம்பிளை அங்கே கொடுக்காதீர்கள்.